மக்ரூன் தொட்டால்தான் நகரலாம்

இந்த முறையும் மக்ரூன் வரவில்லை. லயனல் டீப்பாய்க்கு இந்தப் பக்கம் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து தட்டை நீட்டிக்கொண்டே இருந்தான். தட்டில் மூன்று டம்ளர்கள் கவிழ்ந்திருந்தன, ஒவ்வொன்றுக்கும் அடியில் ஒரு துணுக்கு ரஸ்க். அந்தப் பக்கம் அவன் மகள் ரெனிட்டாவின் முழங்காலோடு ஒட்டிக்கொண்டு நின்ற மக்ரூன், அந்த வெளிர்மஞ்சள் நாய், தட்டைப் பார்த்தது, அவனைப் பார்த்தது, மூக்கை ஒரு தடவை சுருக்கியது, பிறகு முகத்தைத் திருப்பி ஜன்னல் வழியாக மழையைப் பார்க்க ஆரம்பித்துவிட்டது. "வரல," என்றாள் ரெனிட்டா. அவனிடம் இல்லை, அம்மாவிடம். "அவங்க ஆட்டம் போச்சுன்னு சொல்லுங்கம்மா." அமலி உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டு அவன் பக்கம் திரும்பி, "உங்க ஆட்டம் போச்சாம்," என்றாள். ஒரு டீப்பாய் அகலம்தான் இடையில். கையை நீட்டினால் குழந்தையின் பின்னலைத் தொட்டுவிடலாம். ஆனாலும் அவள் சொல் அவனிடம் வர அம்மா வழியாகச் சுற்றித்தான் வந்தது. அவங்க. கப்பலிலிருந்து வந்து இறங்கிய நாள் முதல் அந்தச் சொல்தான். அவங்க குளிச்சாச்சான்னு கேளுங்க, அவங்க துண்டு என் துண்டு மேல கிடக்கு, அவங்களுக்கு மீன் வேணுமாம். அமலியும் அவனை அப்படித்தான் சொல்வாள், கல்யாணமான புதிதிலிருந்து. பக்கத்து வீட்டில் அவள் 'அவங்க வந்திருக்காங்க' என்று சொல்வதைக் கேட்டால் இன்றைக்கும் நெஞ்சு நிமிரும், உலகத்தில் வேறு ஆண்பிள்ளையே இல்லாத மாதிரி. அதே சொல், அதே வீடு, இவள் வாயிலிருந்து வரும்போது மட்டும் கரண்ட் பில் கணக்கெடுக்க வந்தவரைச் சொல்வது மாதிரி இருந்தது.

அட்டை பழையதுதான். பாம்பும் ஏணியும் போட்ட, நடுவில் மடிப்பு விழுந்து செலோடேப் ஒட்டிய அட்டை. பகடைதான் இல்லை. பகடையை மக்ரூன் விழுங்கிவிட்டது. அந்தக் கதை லயனலுக்குத் தெரியும். எங்கேயோ நடுக்கடலில், சாப்பாட்டு அறையின் மூலையில் மட்டும் நெட் கிடைக்கும் இடத்தில் நின்றுகொண்டு, ஃபோனில் ரெனிட்டா கையை ஆட்டி ஆட்டி, ஆறு விழுந்ததும் மக்ரூன் முழுங்கிட்டு அப்பா, இப்ப அது வயித்துக்குள்ள ஆறா ஒண்ணான்னு யாருக்கும் தெரியாது அப்பா என்று சொல்ல, கூட வேலை பார்க்கிறவர்கள் திரும்பிப் பார்க்கிற மாதிரி அவன் சிரித்தான். நாய் டாக்டர் சொன்னது, இரண்டு நாள் காத்திருந்தது, பகடை வெளியே வந்தது, அமலி அதைக் குச்சியால் தள்ளிக் குப்பையில் போட்டது எல்லாம் தெரியும். தெரியும் என்பதால் தானும் அந்தக் கதைக்குள் இருந்ததாகவே அவன் நினைத்துக்கொண்டிருந்தான். இருக்கவில்லை. கேட்டிருக்கிறான், அவ்வளவுதான். பகடை போனபிறகு அம்மாவும் மகளும் சேர்ந்து இந்த விளையாட்டைக் கட்டினார்கள். டம்ளர்களின் உள்ளே அடியில் நகப்பூச்சால் புள்ளிகள், ஒன்றில் ஒன்று, ஒன்றில் இரண்டு, ஒன்றில் மூன்று. ஆட்டக்காரர் தட்டை நீட்ட வேண்டும், நாய் எந்த டம்ளரை மூக்கால் இடிக்கிறதோ அதைத் திருப்பிப் பார்த்து அத்தனை கட்டம் நகர வேண்டும். மக்ரூன் தொட்டால்தான் நகரலாம். மக்ரூனுக்கும் ஒரு காய் உண்டு, நீலம். அதன் முறை வரும்போது ரெனிட்டா தட்டைப் பிடித்துக்கொள்வாள். நீலம் லயனலுடைய நிறமாக இருந்தது, இவள் எழுந்து நடக்கக்கூடத் தொடங்காத காலத்தில், அவனும் அமலியும் இரண்டே பேர் ஆடியபோது. இப்போது அவனுக்கு ஒரு சோடா மூடி கிடைத்திருந்தது. அமலியின் மஞ்சள் காய் ஒரு பாம்புக்குத் தப்பி மேலே போயிருந்தது, ரெனிட்டாவின் சிவப்பு ஏணி ஏறி இறங்கி மறுபடி ஏறியிருந்தது, நாய்கூடப் பாதி தூரம் போயாகிவிட்டது. சோடா மூடி மட்டும் முதல் கட்டத்துக்கு வெளியே, அட்டையின் ஓரத்து வெள்ளைப் பட்டையில், பல்லைக் காட்டிக்கொண்டு மல்லாந்து கிடந்தது.

இதில் வருத்தப்பட என்ன இருக்கிறது, நாய் அது, தான் வந்து இறங்கிச் சில நாள்தான் ஆகிறது, பழக வேண்டாமா என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். கடலில் இருக்கும்போது எவ்வளவு பெரிய சத்தத்துக்குள்ளும் தூங்கிவிடுவான். எஞ்சின் நின்றுவிட்டால்தான் விழிப்பு வரும், எல்லாருக்கும் அப்படித்தான், சத்தம் நின்ற மறுநிமிஷம் அத்தனை கேபின் கதவும் திறக்கும். இங்கே வீட்டில் எல்லாமே நின்றுபோன மாதிரி அமைதியாக இருக்கிறது, அதனால்தான் மனசு கண்டதையும் எடுத்து வைத்துக்கொண்டு திருகிப் பார்க்கிறது என்றும் சொல்லிக்கொண்டான். ஆனால் அது கண்டதையும் எடுக்கவில்லை. ஒன்றையேதான் எடுத்தது. வந்த மறுநாள் சாயங்காலம், அவன் வழக்கமாகக் கப்பலிலிருந்து பேசுகிற நேரம், ரெனிட்டா அமலியின் ஃபோனை எடுத்து வந்து, சுவரோரம் போட்டிருக்கும் நாற்காலியில், அங்கேதான் நெட் நன்றாக வரும், ஏறி உட்கார்ந்து, ஃபோனைத் தொடைமேல் வைத்துக்கொண்டு காத்திருந்தாள். மக்ரூனும் வந்து நாற்காலிக்குக் கீழே உட்கார்ந்தது. அவன் கட்டிலறையில் பெட்டியிலிருந்து துணிகளை எடுத்து அடுக்கிக்கொண்டிருந்தான், கதவிடுக்கு வழியாகப் பார்த்தான். முதலில் விளங்கவில்லை. விளங்கியபோது கையிலிருந்த சட்டையை வைக்கவும் முடியவில்லை. அவன் வரப்போகிறான் என்று காலண்டரில் நட்சத்திரம் ஒட்டியவள் அவள்தான், அவன் கொண்டுவந்த ஷூவைப் போட்டுக்கொண்டு மாடிப்படியெல்லாம் ஓடியவளும் அவள்தான், ஆனாலும் அந்த நேரம் வந்ததும் அவளுடைய அப்பா ஃபோனில் வர வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறாள். கூப்பிட்டுவிடலாமா என்று அவன் ஒரு கணம் நினைத்தான். பாத்ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு ஃபோனில் ஒரு தட்டு தட்டினால் போதும், மணி அடிக்கும், அவள் முகம் மலரும், அப்பா இன்னிக்கு என்ன நடந்துச்சு தெரியுமா என்று ஆரம்பிப்பாள். கட்டைவிரல் பெயர்மேல் போய் நின்றது. தன் வீட்டுக்குள்ளேயே தனக்குப் போட்டியாக ஒருவன், முகம் மட்டும் உள்ளவன், எப்போதும் சிரிப்பவன், நெட் சரியில்லை என்று சொல்லி நல்ல நேரத்தில் விடைபெற்றுவிடுபவன். அவனை எப்படி ஜெயிப்பது. அவன் ஃபோனைப் பைக்குள் போட்டான். கொஞ்ச நேரம் கழித்து ரெனிட்டா தானாகவே இறங்கி, ஃபோனைக் கொண்டுபோய் அம்மாவிடம் கொடுத்தாள். அமலியிடம் இதை அவன் சொல்லவில்லை. அமலியும் சொல்லவில்லை. அவளுக்குத் தெரியாமலா இருக்கும்.

மறுபடி அவன் முறை வந்தது. மத்தியானச் சாப்பாட்டில் மிச்சமான வஞ்சிர மீன் துண்டு ஒன்று அடுப்படியில் இருந்தது ஞாபகத்துக்கு வந்து, தண்ணீர் குடிக்கப் போகிறவனாக எழுந்து போய், முள் எடுத்து, ஒரு விள்ளலை உள்ளங்கையில் மறைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தான். தட்டைப் பிடிக்கிற சாக்கில் அதை ஒரு டம்ளர் பக்கமாக நழுவவிட்டான். மக்ரூனின் காது நிமிர்ந்தது. ஒரு காலை எடுத்து வைத்தது. இன்னொரு காலையும். லயனலுக்குச் சந்தோஷமாக இருந்தது, ஒரு நாய் மீனுக்கு வருவதற்கா என்று வெட்கமாகவும் இருந்தது. அதற்குள் ரெனிட்டா எம்பிப் பார்த்துவிட்டாள். "மீன்! அம்மா, மீன் வச்சிருக்காங்க! அழுகுணி ஆட்டம்!" நாயை இழுத்து மடியில் போட்டுக்கொண்டாள். அவள் முகத்தில் கோபம் இல்லை, ஒரு திகைப்பு இருந்தது, பெரியவர்கள் இப்படிச் செய்வார்களா என்பதாக. அது கோபத்தைவிட மோசமாக இருந்தது. "சும்மா, விளையாட்டுக்கு," என்றான் அவன். குரல் ஃபோனில் பேசுகிற குரலாக, உரக்க, கலகலப்பாக வெளியே வந்தது, மூன்றடி தூரத்துக்கு அது தேவைக்கு அதிகம். அமலி மீனை எடுத்துத் தன் வாயில் போட்டுக்கொண்டு, "நம்ம விளையாட்டுல மீன் கிடையாதுங்க," என்றாள் மெதுவாக. அவள் கண்ணில் இருந்தது பரிதாபமா அலுப்பா என்று அவனால் பிரிக்க முடியவில்லை. தனியாக நாய் வளர்த்து, தனியாகக் காய்ச்சல் பார்த்து, பள்ளிக்கூடக் கூட்டத்துக்குத் தனியாகப் போய், எதற்கும் குறை சொல்லாத பெண்ணுக்கு, வந்து சில நாளிலேயே மீனைத் திருடி வந்து உட்கார்ந்திருக்கும் ஒருத்தனையும் சேர்த்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. நம்ம விளையாட்டு என்றாளே, அந்த நம்மில் அவன் உண்டா. உண்டு என்றுதான் சொன்னாள், கட்டாயம் அப்படித்தான் சொன்னாள். ஆனாலும் மனசு அந்த இடத்தில் சட்டை ஆணியில் மாட்டின மாதிரி மாட்டிக்கொண்டது. மூன்றெழுத்து. எடுத்துவிட்டால் மறுபடி போய் மாட்டியது.

அப்போதுதான் இடி விழுந்தது. எங்கோ துறைமுகப் பக்கம் விழுந்திருக்க வேண்டும், ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. மக்ரூன் ரெனிட்டாவின் மடியிலிருந்து எகிறி, ஒரு டம்ளரை உருட்டிவிட்டு, கட்டிலறைக்குள் ஓடிக் கட்டிலுக்கடியில் புகுந்துகொண்டது. ரெனிட்டா பின்னாலேயே ஓடினாள். "உள்ள கைய விடாத," என்று அமலி கத்திக்கொண்டு எழுந்தாள், "பயத்துல கடிச்சிரும் ரெனி. போன தடவ என் கைய என்ன பண்ணுச்சுன்னு பாத்தல்லா." தேக்குக் கட்டில், தாழ்வானது, நகர்த்த இரண்டு ஆள் வேண்டும். உள்ளே சுவரோரம் இருட்டில் அந்த நாய் பந்தாகச் சுருண்டு உதறிக்கொண்டிருப்பது தெரிந்தது. ரெனிட்டாவின் கீழுதடு மடிந்தது. "அது ராத்திரி வரைக்கும் வராது. சாப்பிடாது." அம்மாவிடம்தான் சொன்னாள். லயனலுக்கு நாய்களைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஆனால் தாழ்வான இடத்தில் படுத்து ஊர்ந்து உள்ளே போவது தெரியும், குழாய்களுக்கு அடியில், எண்ணெய்ப் பிசுக்கில், ஒரு வால்வை எட்டுவதற்காக எத்தனை வருஷமாக அதைச் செய்கிறான். யோசிக்காமல் கவிழ்ந்து படுத்து, தலையையும் தோளையும் கட்டிலுக்கடியில் நுழைத்தான். நுழைத்த பிறகுதான் அடுத்து என்ன செய்வதென்று தெரியவில்லை என்பது தெரிந்தது. நாய் உறுமியது. அவன் கையை நீட்டவில்லை, கூப்பிடவில்லை. கன்னத்தைக் குளிர்ந்த தரையில் வைத்தபடி அப்படியே கிடந்தான். தூசி, பழைய பாய் வாசம், எப்போதோ தொலைந்துபோன ஒரு சின்ன செருப்பு, அவன் பார்த்தே இராத அளவில். இதற்கு முந்தின அளவையும் இதற்குப் பிந்தின அளவையும் போட்ட காலை மட்டுமே அவன் பார்த்திருக்கிறான். நடுவில் இந்தச் செருப்பு இருந்திருக்கிறது. நெஞ்சு தரையில் அழுந்தியது. எழுந்துவிடலாம் என்று நினைத்தபோது பக்கத்தில் துணி உரசும் சத்தம் கேட்டது. ரெனிட்டாவும் குப்புறப் படுத்து, அவன் தோளுக்குப் பக்கத்தில் தலையை உள்ளே நீட்டியிருந்தாள். அமலி வாசல்படியில் நின்றாள், அவள் கால் மட்டும் தெரிந்தது, அது நகரவில்லை.

"இடி முடிஞ்ச பிறகும் நடுங்கும்," என்றாள் ரெனிட்டா. நாயைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். இதைச் சுற்றிக் கொண்டுபோக அம்மா நடுவில் இல்லை, சொல் நேராக அவன் காதுக்குள்தான் வந்து விழுந்தது. அவனும் நாயையே பார்த்தான், திரும்பினால் இது கலைந்துவிடும். "எவ்ளோ நேரம்?" "மழை விடுற வரைக்கும்." அவள் இன்னும் கொஞ்சம் உள்ளே ஊர்ந்தாள். "நீங்க ஏன் இவ்ளோ நீளம்?" என்று கேட்டாள். அவனுக்குப் புரியவில்லை. "கால் கட்டிலுக்கு வெளியே எம்புட்டு தூரம் போகுது. ஃபோன்ல இம்புட்டுதான் இருப்பீங்க." இருட்டில் உள்ளங்கையை விரித்துக் காட்டினாள். "உங்களுக்குக் காலே கிடையாது. அம்மா சொன்னாங்க, இருக்கு, படத்துல விழலன்னு." அவன் சிரிக்கப் பார்த்தான், சிரிப்பு வேறு எங்கோ போய்விட்டது. "மக்ரூனுக்கு உங்க குரல் தெரியும். ஃபோன்ல கேட்டா வாலாட்டும். ஆனா நீங்க அதுல இருந்துதான் வந்தீங்கன்னு அதுக்குத் தெரியல. வாசனை வேற." அவன் கேட்டுவிட்டான், கேட்கக் கூடாது என்று இத்தனை நாளும் நினைத்திருந்ததை. "உனக்குத் தெரியுமா?" அவள் யோசித்தாள். நிஜமாகவே யோசித்தாள், கணக்குப் பாடத்தில் கேட்ட மாதிரி. "தெரியும்," என்றாள். "கொஞ்ச நேரத்துக்கு ஒரு தடவ மறந்துருது." பிறகு, அவனை எங்கே வருத்தப்படுத்திவிட்டோமோ என்பதுபோல, "அப்புறம் திரும்ப ஞாபகம் வந்துருது," என்று சேர்த்துக்கொண்டாள். லயனலுக்கு உடம்பிலிருந்து ஏதோ ஒன்று இறங்கிப் போனது. மறந்துபோகிறதாம். அவ்வளவுதானா. அவனுக்கும்தான் மறந்துபோகிறது, காலையில் கண் விழிக்கும்போது எந்த ஊர், எந்தப் படுக்கை, அறைக்குள் நடமாடும் இந்தச் சின்ன உருவம் யார் என்று, ஒரு கணம், ஒவ்வொரு காலையும். "எனக்கும் அப்படித்தான் ஆகுது," என்றான். ஃபோன் குரல் இல்லை, தரையில் கன்னம் அழுந்திய கரகரத்த குரல். "நிஜமாவா?" என்று அவள் முதல்தடவையாகத் திரும்பி அவனைப் பார்த்தாள். மூக்கும் மூக்கும் இடிக்கிற தூரம். அவள் பல் ஒன்று ஆடிக்கொண்டிருந்தது, ஃபோனில் தெரியாத ஒன்று, நாக்கால் அதைத் தள்ளிக்கொண்டே இருந்தாள்.

கப்பலில் இடி இடிக்குமா என்று கேட்டாள். இடிக்கும், ஆனால் அவன் இருக்கிற இடத்தில் கேட்காது, எஞ்சின் சத்தம் அப்படி என்றான். எப்படி என்றாள். அவன் தொண்டையை அடைத்துக்கொண்டு நெஞ்சுக்குள்ளிருந்து ஒரு சத்தம் கொடுத்தான், சரியாக வரவில்லை, மறுபடி கொடுத்தான், அடித்தரையே லேசாக அதிர்கிற மாதிரி நீளமாக. அவளும் கொடுத்துப் பார்த்தாள், அவளுடையது ஸ்கூட்டி மாதிரி இருந்தது. வாசல்படியில் அமலி மூக்கை உறிஞ்சுவது கேட்டது. நாய் ஒன்றும் ஓடி வந்துவிடவில்லை. வெகுநேரம் அது சுவரோரமே கிடந்தது. மழை தூறலாகி, தெருவில் யாரோ சைக்கிள் மணி அடித்துக்கொண்டு போன பிறகு, வயிற்றைத் தரையில் தேய்த்தபடி ஊர்ந்து, ரெனிட்டாவைத் தாண்டி, கட்டிலுக்கு வெளியே நீண்டு கிடந்த லயனலின் காலடிக்குப் போய் நின்று மோந்து பார்க்க ஆரம்பித்தது. உள்ளங்கால், விரலிடுக்கு, கணுக்கால். ஈர மூக்கு. கூச்சம் தாங்காமல் பல்லைக் கடித்துக்கொண்டு அவன் அசையாமல் இருந்தான். மோந்து முடித்ததும் அது ஒரு தும்மல் போட்டது, கூடத்துக்குப் போய்த் தன் சாக்கில் சுருண்டு படுத்து, உடனே தூங்கிவிட்டது. "எழுப்பக் கூடாது," என்றாள் ரெனிட்டா, கட்டிலுக்கடியிலிருந்து வெளியே வந்து. "எழுப்பினா அதுக்குத் தலை வலிக்கும். ஆட்டம் நாளைக்கு." சொல்லிவிட்டு நின்றாள். "நாளைக்கு இருப்பீங்கல்லா?" அமலி அவனைப் பார்த்தாள். திரும்பக் கப்பலேறச் சொல்லிக் கம்பெனியிலிருந்து வந்த செய்தி அவர்கள் இருவருக்கும் தெரியும். எப்போதும் இருப்பேன் என்று சொல்லிவிடலாம், அவள் இன்னும் அதை நம்புகிற வயதுதான். "நாளைக்கு இருப்பேன்," என்றான். "கிறிஸ்துமஸுக்கு இருப்பேன். புது வருஷத்துக்கு இருப்பேன். அதுக்கப்புறம் போகணும் ரெனி. போயிட்டுத் திரும்பி வருவேன்." அவள் ஆடுகிற பல்லை நாக்கால் தள்ளினாள். முகம் சுருங்கியது, அழப் போகிறாள் என்று அவன் பயந்தான், அழட்டும் என்றும் இருந்தது, அவனுக்காக அவள் அழுது அவன் பக்கத்தில் இருந்து பார்த்ததே இல்லை. அவள் அழவில்லை. "அப்ப நெறைய ஆடலாம்," என்றாள், பெரிய மனுஷி மாதிரி.

காபி வைக்க டீப்பாய் வேண்டும் என்றாள் அமலி. ஆட்டத்தைக் கலைக்கவும் கூடாது. அட்டையை அப்படியே ஃபிரிட்ஜ் மேல் கொண்டுபோய் வைப்பது என்று முடிவானது. லயனல் இரண்டு கையையும் அட்டைக்கு அடியில் கொடுத்துத் தூக்கினான். நடு மடிப்பு தொய்ந்தது, காய்கள் ஒரு மயிரிழை நகர்ந்து நின்றன. ஆடுகிற கப்பலில் கொதிக்கிற சூப்பை ஏந்தி நடந்தவன் அவன், ஆனாலும் ஆடாத இந்தத் தரையில் முதல் அடி வைக்கத் தயங்கினான். என்ன இருக்கிறது, விழுந்தால் எடுத்து வைத்துக்கொள்ளலாம், எந்தக் காய் எந்தக் கட்டம் என்று அவளுக்கு மனப்பாடமாக இருக்கும். விழக் கூடாது என்றே இருந்தது. ரெனிட்டா அவன் முன்னால் வந்து, அட்டைக்குக் கீழே இரண்டு உள்ளங்கைகளையும் ஏந்திப் பிடித்துக்கொண்டு, முதுகை ஃபிரிட்ஜ் பக்கமாகக் காட்டிப் பின்னோக்கி நடக்க ஆரம்பித்தாள். சாக்கில் தூங்கும் நாய் வழியில் கிடந்தது, அவன் காலடியைத் தேடிக் குனியப் பார்த்தான், அட்டை சாய்ந்தது. "கீழ பாக்காதீங்க," என்றாள் அவள். "என்னைப் பாருங்க. மக்ரூன் கிட்ட வந்தா நான் சொல்லுதேன்." அவன் அவளைப் பார்த்துக்கொண்டு நடந்தான்.